ஈயக்குட்டைப் பசுமை: பழைய சுரங்க நிலங்களின் நீர்த்தாவரங்களில் கன உலோகங்கள்

வெள்ளீயம், இரும்பு, செம்பு, தங்கம் ஆகியவை தோண்டப்பட்ட நிலங்களில் எஞ்சி நிற்கும் குட்டைகளும் ஓடைகளும் சில ஆண்டுகளிலேயே பச்சை பிடித்துவிடும். கோரை, சம்பு, தாமரை, ஆகாயத்தாமரை, கங்கோங் கீரை எல்லாம் அங்கே செழித்து வளரும். நிலம் தேறிவிட்டது என்பதற்கு இந்தப் பசுமையையே சான்றாகக் கொள்ளும் வழக்கம் எங்கும் உண்டு. அந்தச் சான்று செல்லாது. சேற்றிலும் நீரிலும் கிடக்கும் காரீயம், காட்மியம், ஆர்செனிக், செம்பு, துத்தநாகம் போன்றவற்றை இத்தாவரங்கள் தம் உடலில் சேர்த்துக்கொண்டே வளர்கின்றன. மிதக்கும் தாவரங்கள் சிலவற்றில் உலர்ந்த எடைக் கணக்கில் சேரும் உலோக அளவு, சுற்றியுள்ள நீரில் உள்ளதைப்போல் ஆயிரம் மடங்கையும் தாண்டும். ஆர்செனிக் வேதியியல் கணக்கில் முழு உலோகம் அன்று. ஆனால் நச்சிலும் நடமாட்டத்திலும் உலோகங்களோடு சேர்ந்தே வருவதால் இத்துறையில் அதுவும் கன உலோகங்களுடன் வைத்தே பேசப்படுகிறது.

கெடா மாநிலத்தில் இந்தக் கேள்வியை எழுப்பப் பொருத்தமான இடம் பீடோங் வட்டாரம். சுங்கை பட்டாணிக்கும் குரூணுக்கும் இடைப்பட்ட இச்சிற்றூரின் மேற்கே செமிலிங்கும் மெர்போக்கும் இருக்கின்றன. வடமேற்கில் 1,217 மீட்டர் உயரத்துக்கு குனோங் ஜெராய் எழுகிறது. செமிலிங்கை ஒட்டிய சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் 2009 முதல் நடத்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், காற்றூதும் களிமண் குழாய்களும், கசடுக் குவியல்களும் வெளிவந்தன. அவற்றுள் மிகப் பழையவை கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பது அகழ்ந்தவர்களின் கணிப்பு. தமிழர் வரலாற்றில் கடாரம் என்று அறியப்படும் நிலத்தின் செல்வத்துக்கு இரும்பும் ஒரு காரணமாக இருந்திருக்கிறது. பின்னாளில் அதே செமிலிங்கில் வண்டல் மண்ணைக் கழுவி வெள்ளீயம் எடுத்தார்கள். அதனோடு நியோபியமும் டாண்டலமும் கொண்ட கொலம்பைட் கனிமமும் துணை விளைபொருளாகக் கிடைத்தது. ஜோகூரின் பக்ரியோடு செமிலிங்கின் பெயரும் உலகக் கனிம நூல்களில் இடம்பெற்றது இதனால்தான். ஜெராய் வட்டாரத்தின் புவியியலையும் கனிம வளத்தையும் முழுமையாக விளக்கும் பிராட்ஃபோர்டின் நூலை மலேசியப் புவியியல் ஆய்வுத் துறை 1972இல் வெளியிட்டது.

இந்த வரலாற்றிலிருந்தே சில முடிவுகளுக்கு வரலாம். நியோபியமும் டாண்டலமும் நீரில் ஏறக்குறைய கரையாதவை. அவை வேர் வழியாக உள்ளே போவது மிக அரிது. பழைய இரும்புக் கசடு கண்ணாடிபோல் இறுகியது; மழையில் மெல்லவே சிதையும். ஆனால் இரும்புத் தாதுவோடும் வெள்ளீயத் தாதுவோடும் சேர்ந்து வரும் கந்தகக் கனிமங்கள் வேறு வகை. காற்றும் நீரும் பட்டவுடன் அவை சிதையத் தொடங்கும். ஆகவே ஒரு சுரங்க நிலத்தில் எதை எடுத்தார்கள் என்பதைவிட, எதை வேண்டாம் என்று கொட்டிவிட்டுப் போனார்கள் என்பதே தாவரத்தின் உடலைத் தீர்மானிக்கிறது.

தீபகற்ப மலேசியாவில் வெள்ளீயச் சுரங்கத் தொழில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் லாருட்டிலும் பின்னர் கிந்தாவிலும் பெருகி, 1985 அக்டோபரில் அனைத்துலக வெள்ளீய மன்றம் நிலைகுலைந்தபோது சரிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலமும் ஈயக்குட்டைகள் எனப்படும் ஆயிரக்கணக்கான குட்டைகளும் எஞ்சின. தைப்பிங் ஏரிப் பூங்காவைப்போல் சில அழகுபடுத்தப்பட்டன. சில குட்டைகளில் மீனும் வாத்தும் வளர்த்தார்கள். பல அப்படியே விடப்பட்டன. மண்ணைப் பாலோங் என்னும் நீண்ட மரச்சரிவில் நீரோடு ஓடவிட்டுக் கனமான தாதுவைத் தேக்கும் முறையில் கழிவு இரண்டாகப் பிரியும். பெருமணல் அருகிலேயே குவியும். நுண்சேறு நீரோடு போய்த் தாழ்வான இடத்தில் படியும். மணல் பெரும்பாலும் வெறும் குவார்ட்சு. அதில் உரமும் இல்லை, உலோகமும் அதிகமில்லை. நுண்சேற்றின் களிமண் துகள்கள்தாம் உலோகங்களைப் பிடித்து வைப்பவை. தாமரையும் கங்கோங்கும் விரும்பி வேரூன்றுவதும் அந்தச் சேற்றில்தான்.

எல்லா ஈயக்குட்டையும் நஞ்சு என்று சொல்வது பெருந்தவறு. வண்டல் படிவுகளில் கந்தகக் கனிமங்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக ஏற்கெனவே சிதைந்து கழுவப்பட்டிருக்கும். அத்தகைய குட்டைகளின் நீர் பெரும்பாலும் நடுநிலையாகவே இருக்கும். பாறையை உடைத்து எடுக்கும் சுரங்கங்களின் நிலை வேறு. பகாங்கின் சுங்கை லெம்பிங், கெடா எல்லையை ஒட்டிய பேராக்கின் கிளியான் இந்தான் போன்ற இடங்களில் பைரைட், ஆர்செனோபைரைட் முதலிய கனிமங்கள் புதிதாக வெளிச்சத்துக்கு வருகின்றன. ஆக்சிஜனும் நீரும் சேர, இரும்பை ஆக்சிஜனேற்றி வாழும் பாக்டீரியாக்கள் வேகம் கூட்ட, கந்தக அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் மற்ற உலோகங்களையும் கரைத்து இழுத்துவருகிறது. சபாவின் ரானாவில் 1975 முதல் 1999 வரை நடந்த மாமுட் செம்புச் சுரங்கத்தின் குழியில் இன்றும் நிற்பது அத்தகைய அமில நீர்தான்.

கெடாவுக்கு வடக்கே, தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட் மாநிலத்து ரோன் பிபூன் இதற்கு மிகக் கசப்பான எடுத்துக்காட்டு. அங்கும் தீபகற்பத்தின் அதே வெள்ளீயப் பட்டைதான். சுரங்கக் கழிவிலிருந்த ஆர்செனோபைரைட் சிதைந்து ஆழமில்லாக் கிணறுகளில் ஆர்செனிக் ஏறியது. 1987இல் முதல் தோல் நோயாளி அடையாளம் காணப்பட்டார். பின்னர் ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் ஆர்செனிக்கால் வரும் தோல் மாற்றங்கள் பதிவாயின. ரோன் பிபூனைத் தெரிந்துகொண்ட பிறகு, இப்பட்டையில் எங்குமுள்ள பழைய சுரங்க ஊர்களில் ஆர்செனிக்கை அளந்து பார்க்காமல் இருப்பதற்கு நியாயம் சொல்வது கடினம்.

தாவரத்துக்குள் உலோகம் நுழையும் வழி இத்துறையின் மிகச் சுவையான பகுதி. சேற்றில் ஆக்சிஜன் இல்லை. அங்கே வாழும் தாவரங்கள் இலையிலிருந்து வேர்வரை காற்றறைகள் வழியாக ஆக்சிஜனை இறக்கி, வேரின் ஓரத்தில் கசியவிடுகின்றன. அந்த ஆக்சிஜன் பட்டதும் சேற்றுநீரில் கரைந்திருந்த இரும்பு துருவாகி வேரின் மேல் செம்பழுப்புப் படலமாகப் படிகிறது. ஜெராய் அடிவாரம்போல் இரும்பு மிகுந்த மண்ணில் இந்தப் படலம் கண்ணுக்குத் தெரியுமளவு தடிப்பாக இருக்கும். ஆர்செனிக்கும் காரீயமும் இதில் ஒட்டிக்கொள்கின்றன. அந்த அளவுக்கு இது தாவரத்துக்குக் காவல். அதே படலத்தோடு வேரைப் பறித்துச் சமைப்பவருக்கு அது காவல் ஆவதில்லை.

படலத்தைத் தாண்டி வரும் நச்சு உலோகங்களுக்கு வேரில் தனி வாசல் எதுவும் இல்லை. சத்துகளுக்கான வாசல்களையே அவை பயன்படுத்திக்கொள்கின்றன. நெல்லில் இது தெளிவாக நிறுவப்பட்டிருக்கிறது. சிலிக்கானை உள்ளே விடும் புரதம் வழியாகவே ஆர்செனைட்டும் நுழைகிறது என்பது 2008இல் தெரியவந்தது. மாங்கனீசை ஏற்றும் புரதமே காட்மியத்தையும் ஏற்றுகிறது என்பது 2012இல் உறுதியானது. உள்ளே வந்த உலோகத்தைத் தாவரம் சும்மா விடுவதில்லை. கந்தகம் நிறைந்த சிறு புரதத் துண்டுகளை உருவாக்கி உலோகத்தைக் கட்டி, உயிரணுவின் நடுவிலுள்ள நீர்ப்பைக்குள் அடைக்கிறது. ஃபைட்டோகெலட்டின் எனப்படும் இத்துண்டுகளை 1985இல் ஜெர்மனியில் கிரில், வின்னாக்கர், செங்க் ஆகியோர் கண்டறிந்து விளக்கினர். தாவரம் வாடாமல் பச்சையாக நிற்பதற்கு இந்த ஏற்பாடே காரணம். இலை செழிப்பாக இருப்பதைப் பார்த்து உள்ளே உலோகம் இல்லை என்று முடிவு செய்ய முடியாததும் இதனால்தான்.

வாழும் முறைக்கு ஏற்ப உலோகம் வரும் மூலமும் மாறும். ஆகாயத்தாமரை, சல்வீனியா போன்ற மிதவைகள் நீரிலிருந்து மட்டுமே எடுக்கின்றன. எனவே அவை அண்மைக் காலத்து நீரின் நிலையைக் காட்டும். வேலம்பாசிபோல் மூழ்கி வாழ்பவை இலை, தண்டு என உடல் முழுவதாலும் உறிஞ்சும். சம்பு, நாணல், கோரை, தாமரை ஆகியவை சேற்றில் வேர்விட்டவை. பல்லாண்டுகளாகப் படிந்ததை அவை வெளிக்கொண்டு வரும். வேர்விட்டவற்றுள் பெரும்பாலானவை உலோகத்தை வேரிலேயே நிறுத்திவிடுகின்றன. இலைக்கு ஏறுவது சிறு பங்கு. ஆய்வாளர்கள் இரண்டு விகிதங்களைக் கணக்கிடுவது இதற்காகவே: தாவரத்தில் உள்ளதற்கும் மண்ணில் உள்ளதற்கும் இடையிலான விகிதம் ஒன்று, இலையில் உள்ளதற்கும் வேரில் உள்ளதற்கும் இடையிலானது மற்றொன்று. சமையலறைக்கு முக்கியமானது இரண்டாவது.

மலேசியாவில் நடந்த ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்கது, சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் பழைய வெள்ளீயச் சுரங்க நீர்ப்பிடிப்பில் மலாயாப் பல்கலைக்கழகத்தார் செய்து 2011இல் வெளியிட்ட பணி. காரீயம், செம்பு, துத்தநாகம், ஆர்செனிக், வெள்ளீயம் ஆகியவற்றை அவர்கள் மண்ணிலும் செடிகளிலும் அளந்தார்கள். உலோகம் சேர்ப்பவையாக அவர்கள் காட்டியவற்றில் கோரை, லாலாங் புல், தொட்டாற்சிணுங்கி, தாமரை, நாணல், சல்வீனியா, பெரணி எல்லாம் உண்டு. தோட்டப்புறத்தில் வளர்ந்த எவரும் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய செடிகள் இவை. மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தார் தீபகற்பத்தின் பல இடங்களிலிருந்து வல்லாரையைச் சேகரித்து ஆராய்ந்தபோது, உலோகங்கள் வேரில் மிகுந்தும் அடுத்தபடியாக இலையிலும் காணப்பட்டன. நினைவாற்றலுக்கும் வயிற்றுக்கும் நல்லது என்று ஈர நிலங்களில் வேரோடு பிடுங்கித் துவையலாக அரைக்கப்படும் கீரை என்பதால் இந்த முடிவு தமிழ்க் குடும்பங்களுக்கு நேரடியாகப் பொருந்தும்.

பகாங்கின் தாசேக் சினி இன்னொரு பாடம். 2009இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த இந்த நன்னீர் ஏரி தாமரைக்குப் பெயர் பெற்றது. சுற்றிலும் இரும்புத்தாதுச் சுரங்கமும் எண்ணெய்ப்பனையும் காட்டழிப்பும் பெருகி ஏரியில் செம்மண் இறங்கியது, 1995இல் கட்டிய தடுப்பணை நீரோட்டத்தை மாற்றியது, அயல் நாட்டுக் கபோம்பா பாசி பரவியது, தாமரை குறைந்தது. உலோகம் ஒன்றே அங்கே காரணம் என்று சொல்ல முடியாது. சுரங்கம் ஏரிக்குக் கொண்டுவரும் கேடுகளில் கலங்கல், வெளிச்சக் குறைவு, சேற்றுப் படிவு ஆகியவை உலோகத்துக்கு முன்பே தாவரத்தைக் கொல்லக்கூடும். தாவர அழிவைப் பார்த்தவுடன் நஞ்சு என்று எழுதிவிடும் அவசரத்துக்கு சினி ஒரு திருத்தம்.

தங்கச் சுரங்கத்தின் எச்சத்தைத் தமிழர்கள் நன்கு அறிந்த இடம் கர்நாடகத்தின் கோலார். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன குடும்பங்களின் உழைப்பில் நூற்றாண்டுக்கு மேல் இயங்கிய அச்சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. அரைத்துச் சயனைடில் கழுவிய பாறைத்தூள் குன்றுகளாக ஊருக்குள் நிற்கிறது. மழையில் அது கரைந்து தாழ்வான வயல்களுக்கும் நீர்நிலைகளுக்கும் இறங்குகிறது. கோடையில் காற்றோடு வீடுகளுக்குள் வருகிறது. ஈரநாட்டுக் குட்டைக்கும் வறண்ட நாட்டுக் குன்றுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: முன்னதில் தாவரம் சேற்றை மூடிப் பிடிக்கும், பின்னதில் பிடிப்பதற்குத் தாவரமே அரிது.

சாப்பிடும் தாவரங்களுக்கு வரும்போது கணக்கு கூர்மையாகிறது. தோட்ட லயங்களில் ஓடைக்கரைக் கீரை பறிப்பது சமையலின் இயல்பான பகுதி. கங்கோங், நீர்ச்சுண்டி, பாக்கு எனப்படும் பெரணித் தளிர், கெஞ்ஜேர் எல்லாம் சதுப்பிலிருந்தே தட்டுக்கு வந்தன. பாங்காக் பகுதியில் வளர்க்கப்பட்ட கங்கோங்கை ஆராய்ந்து சுவீடன் அறிவியலாளர்கள் 2002இல் வெளியிட்ட முடிவுகளில் காரீயமும் காட்மியமும் பாதரசமும் இருந்தன. பாதரசத்தில் ஒரு பகுதி மிகக் கொடிய மெதில் பாதரச வடிவில் இருந்தது. அனைத்துலக உணவுத் தர நெறியான கோடெக்ஸ், இலைக்கீரையில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் காட்மியமும் 0.3 மில்லிகிராம் காரீயமும் வரை அனுமதிக்கிறது. உடலெடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மாதம் 25 மைக்ரோகிராம் காட்மியம் வரை உட்கொள்ளலாம் என்பது 2010இல் வல்லுநர் குழு வகுத்த வரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம். அனுமதிக்கப்பட்ட உச்ச அளவில் காட்மியம் கொண்ட கீரையை நாள்தோறும் கால் கிலோ தின்றால் அந்த 50 மைக்ரோகிராம் அதிலேயே தீர்ந்துவிடும். சோற்றுக்கு மிச்சமே இராது. காட்மியம் சிறுநீரகத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் தங்குவது. காரீயத்துக்கு அதே 2010இல் பழைய வரம்பையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். குழந்தைகளின் மூளைக்குத் தீங்கு செய்யாத அளவு என்று எதையும் காட்ட முடியவில்லை.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு பொறியைத் தவிர்க்க வேண்டும். ஆய்வேடுகள் உலோக அளவை உலர்ந்த எடையில் தருகின்றன. உணவுச் சட்டங்கள் பச்சை எடையில் பேசுகின்றன. கங்கோங்கின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு நீர். உலர்ந்த கிலோவில் 2 மில்லிகிராம் என்றால் சந்தைக் கட்டில் கிலோவுக்கு ஏறக்குறைய 0.2 மில்லிகிராம்தான். இதை மறந்து எழுதப்பட்ட அச்சமூட்டும் செய்திகள் உண்மையான ஆபத்தின் மீதுள்ள நம்பிக்கையையும் கெடுத்துவிடுகின்றன. நன்றாகக் கழுவினால் இலையில் ஒட்டிய சேறு போகும். உள்ளே ஏறியது போகாது. வேரை நறுக்கி எறிவது அதைவிடப் பயன் தரும்.

நெல்லின் சிக்கல் இன்னும் ஆழமானது. ஜப்பானின் ஜின்சூ ஆற்றுப் படுகையில் கமியோகா சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் வயல்களில் படிந்து, அரிசி வழியாக உடலேறி, எலும்பு நொறுங்கும் இத்தாய்-இத்தாய் நோயைக் கொடுத்தது. 1968இல் அரசு அதைத் தொழில்மாசு நோயாக ஒப்புக்கொண்டது. 800 ஹெக்டேருக்கு மேற்பட்ட வயலின் மண்ணை மாற்றிச் சீரமைக்கும் பணி முடிந்தது 2012இல்தான். தாய்லாந்தின் மே சோட்டில் துத்தநாகச் சுரங்கத்துக்குக் கீழுள்ள வயல்களிலும் இதே காட்மியம் கண்டறியப்பட்டபோது, நெல்லுக்குப் பதில் எரிபொருளுக்கான கரும்பு நடச் சொன்னார்கள். ஆர்செனிக் நேர் எதிராக நடந்துகொள்கிறது. வயலில் நீர் நின்றால் காட்மியம் சல்பைடாக இறுகிக்கொள்ளும், ஆர்செனிக் கரைந்து வேருக்கு வரும். வயலை வடித்தால் ஆர்செனிக் இரும்புத் துருவில் ஒட்டிக்கொள்ளும், காட்மியம் விடுபடும். இரண்டும் உள்ள மண்ணில் நீர் மேலாண்மை ஒன்றால் மட்டும் தப்பிக்க வழியில்லை. நாட்டின் நெற்களஞ்சியமான கெடாவில் மலையடிவாரத்து வாய்க்கால் நீர் வயலுக்குப் போகும் இடங்களில், எந்த உலோகம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது பயிர் முறையையே முடிவு செய்யும்.

தாவரங்களைக் கொண்டே நிலத்தைத் தூய்மைப்படுத்தலாம் என்ற எண்ணத்துக்கு 2001இல் பெரும் ஊக்கம் கிடைத்தது. சீனச் சுவர்ப்பெரணி எனப்படும் ஒரு பெரணி, உலர்ந்த கிலோவுக்கு 20,000 மில்லிகிராமுக்கு மேல் ஆர்செனிக்கைத் தன் இலைகளில் ஏற்றும் என்று புளோரிடா பல்கலைக்கழகத்தின் லீனா மா குழுவினர் அறிவித்தனர். மறு ஆண்டே ரோன் பிபூனில் வெள்ளிப் பெரணி 8,000 மில்லிகிராம் வரை சேர்ப்பது தெரிந்தது. இவ்விரு பெரணிகளும் மலாயா மண்ணிலும் வளர்பவை. ஆனால் இவை கரையில் நிற்கும் செடிகள். குட்டையின் அடிச்சேற்றை இவற்றால் தொட முடியாது. ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் நீரை வேகமாகத் தெளியவைக்கும். எனினும் அறுவடை செய்யாவிட்டால் அவை மடிந்து அழுகி, சேர்த்த உலோகத்தை மீண்டும் சேற்றிலேயே இறக்கிவிடும். தூய்மைப்படுத்தல் என்பது செடி நடுவதில் தொடங்கி வெட்டி அகற்றுவதில் முடியும் வேலை. நடுவதோடு நின்றுவிடும் திட்டங்கள் மாசை இடம் மாற்றுவதுகூட இல்லை.

மலேசியாவில் ஆற்றின் நலத்தைப் பொதுமக்களுக்கு அறிவிக்கும் நீர்த்தரக் குறியீடு ஆறு அளவுகளால் ஆனது: கரைந்த ஆக்சிஜன், உயிரியல் ஆக்சிஜன் தேவை, வேதி ஆக்சிஜன் தேவை, மிதக்கும் திடப்பொருள், அம்மோனியா நைட்ரஜன், அமில-காரநிலை. கன உலோகம் ஒன்றுகூட இதில் இல்லை. உலோகங்களுக்குத் தேசிய நீர்த்தர வரையறைகளில் தனி வரம்புகள் உண்டு. ஆனால் ‘தூய்மையானது’ என்று ஒரு ஆற்றுக்குக் கிடைக்கும் பட்டம் அந்தக் குறியீட்டிலிருந்து வருவது. அமிலமும் சாக்கடையும் கலவாத ஒரு பழைய சுரங்க ஓடை இப்பட்டத்தை எளிதாகப் பெற்றுவிடும். கெடாவின் தென்பகுதிக்கும் பினாங்குக்கும் குடிநீர் தரும் மூடா ஆற்றின் நீர்ப்பிடிப்புக்கு இந்தக் குறை சிறிய விஷயம் ஆகாது.

நீர் மாதிரி ஒரு நாளின் நிலையைச் சொல்லும். மழைக்கு மறுநாள் எடுத்தால் ஒன்று, ஜனவரி வறட்சியில் எடுத்தால் வேறொன்று. சேறு பல்லாண்டுகளைச் சொல்லும். ஆனால் அதிலுள்ள உலோகத்தில் எவ்வளவு உயிர்களுக்குள் ஏறும் என்பதைச் சொல்லாது. அந்த இடைவெளியை நிரப்புவது தாவரம். ஆகவே நீர், சேறு, தாவரம் மூன்றையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் எடுக்க வேண்டும். வேரையும் தண்டையும் இலையையும் தனித்தனியாக அளக்க வேண்டும். வேரின் துருப்படலத்தைப் பிரித்தும் பிரிக்காமலும் பார்க்க வேண்டும். சுரங்கம் படாத, அதே பாறையுள்ள ஓர் ஓடையை ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது அடிக்கடி விடுபடுகிறது. ஜெராய்போன்ற கனிமம் செறிந்த மலையில் இயற்கை அளவே உயர்ந்திருக்கும். அதை அறியாமல் சுரங்கத்தின் பங்கைப் பிரித்தறிய வழியில்லை. தொடங்க வேண்டிய இடம் மக்கள் உண்மையில் கீரை பறிக்கும், தூண்டில் போடும் குட்டைகள். காட்டுக்குள் கிடக்கும் பெரிய குட்டைகள் பிறகு வரலாம்.

வெட்டி எடுத்த தாவரத்தை என்ன செய்வது என்பது இன்னும் சரியாகத் தீராத பகுதி. ஆகாயத்தாமரையை மாட்டுத் தீவனமாகவும் தொழு உரமாகவும் காளான் வளர்க்கும் படுகையாகவும் பயன்படுத்தச் சொல்லும் கையேடுகள் பல உண்டு. சுரங்கக் குட்டையிலிருந்து வந்த செடிக்கு இவை மூன்றும் பொருந்தா. குட்டையின் உலோகம் பால், காய்கறித் தோட்டம், காளான் என வேறு வழியில் வீட்டுக்கே வந்துசேரும். எரித்தால் ஆர்செனிக்கும் காட்மியமும் பாதரசமும் புகையோடு போகும். மற்றவை சாம்பலில் செறியும். உலர்த்தி எடையைக் குறைத்து, அடியில் நீர்புகாப் படலமிட்ட கழிவுக் கிடங்கில் புதைப்பதே இப்போது கையிலுள்ள பாதுகாப்பான வழி. கூடை, பாய் முடைவதுபோல் வாய்க்குப் போகாத பயன்களுக்கு, உலோக அளவைச் சோதித்த தண்டை எடுத்துக்கொள்ளலாம். நீரின் நிலை மாறும்போது மிதவைகளின் உலோக அளவும் மாறும் என்பதால் ஒருமுறை சோதித்தது போதாது.